டஜன் விலைக்கு வாங்கின சங்கிலி

எம்மா,

நல்லா இருக்கியான்னு இந்தக் கடுதாசியில கேக்க மாட்டேன். காலையில என் எதுக்க உக்காந்து, இட்லியைப் பாதியில விட்டுட்டு எந்திரிச்சு காலேஜுக்கு ஓடினவதானே நீ. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மகளுக்குக் கடுதாசி எழுதுத அப்பனை யாராவது பாத்தா கிறுக்கன்னு சொல்லுவாக. என்ன செய்ய? உன் முன்னால வாயைத் தொறந்தா எனக்குக் கோவம் முந்திக்கிட்டு வந்திருது, சொல்ல வந்த விஷயம் பின்னாலேயே நின்னுருது. நீயும் லேசுப்பட்டவ இல்ல. நான் ஒண்ணு சொன்னா, கிளாஸ்ல பொருளியல் நடத்துத மாதிரி எனக்கே விளக்கம் சொல்லுவே. கடுதாசின்னா நீ குறுக்க பேச முடியாதுலா. அதான், கடையில ஆள் இல்லாத மத்தியான நேரமாப் பாத்து, கல்லாவுக்குப் பின்னால உக்காந்து எழுதுதேன். நடுவுல யாராவது வந்து சீனி கேட்டா எந்திரிச்சுப் போவேன். எழுத்து அங்கங்க கோணலா இருந்தா அதுதான் காரணம்.

விஷயத்துக்கு வாரேன். முந்தாநாள் உன் கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும்னு உங்கம்மா கேட்டா. அவளுக்கு முட்டிவலி, மேல் தட்டு எட்டாது. நானே பீரோவைத் தொறந்து சேலையை எடுத்தேன். அடியில ஒரு அட்டைப்பெட்டி. உள்ள ரோஸ் கலர் தாள், தாளுக்குள்ள ஆரம், அட்டிகை, வளையல், ஜிமிக்கி. உனக்காக ஆசாரிகிட்டச் சொல்லி நான் செஞ்சு வச்ச அத்தனை நகைக்கும் ஒரு ரெட்டைப்பிள்ளை அங்கன கெடக்கு. ஆரத்தைக் கையில எடுத்தேன். கனமே இல்ல. காலமெல்லாம் தராசு பிடிச்ச கை, அதுக்குத் தெரியாதா? அத்தனையும் கவரிங்.

உங்கம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டா, "காலேஜ் பிள்ளைக டான்ஸுக்கு"ங்கா. அவ பொய் சொன்னா கொண்டையை அவுத்துத் திரும்ப முடிவா. அன்னைக்கும் முடிஞ்சா. நான் பெட்டியை மூடாம அங்கனயே நின்னேன். பொறவுதான் மெதுவாச் சொன்னா: "கல்யாணம் முடிஞ்ச வாரம் உங்க மக அசல் நகையைப் பேங்க்ல அடகு வச்சு, காலேஜ் வாத்தியாரம்மாமாருக்குச் சம்பளம் போட்டுருவா. மாப்பிள்ளை வீட்டுல யாருக்கும் தெரியாது. அவுக கண்ணுக்கு இதைப் போட்டுக்கிடுவா. நாங்க செய்யலியா?"

நாங்க செய்யலியான்னு கேட்டா பாரு, அன்னைக்குப் பிடிச்சது எனக்கு இந்தப் படபடப்பு. அதுல இருந்து கடையில ஒழுங்கா ஒரு வியாபாரம் பண்ண முடியல. உளுந்து கேட்டவனுக்குத் துவரையைக் கட்டிக் குடுக்கேன். நேத்து காலையில ஒருத்தி, "அண்ணாச்சி, எனக்குச் சில்லறை கூடக் குடுத்துட்டிய"ன்னு திருப்பிக் குடுத்துட்டுப் போறா. பிரஷர் மாத்திரையை காலையில போட்டேனா இல்லியான்னு யோசிச்சு யோசிச்சு ரெண்டாவது தடவையும் போட்டுட்டேன்.

காலேஜ் நெலமை எனக்குத் தெரியாம இல்ல. பழைய செயலாளர் போய்ச் சேர்ந்த பொறவு, அந்த நாற்காலியில உக்கார ஊருல ஒரு ஆம்பிளை முன்வரல. எல்லாருக்கும் மடியில கனம், மனசுல பயம். வகுப்பு எடுத்துக்கிட்டிருந்த நீ, போய் உக்காந்தே. சித்திரையில இருந்து சம்பளம் பாக்கி. சுத்துப்பட்டுல புதுசு புதுசாக் காலேஜ் வந்து, வாசலுக்கே ஏசி பஸ் அனுப்புதான். நம்மகிட்ட சேருதது உப்பளத்துல வேலை பாக்குதவ மகளும், பனை ஏறுதவன் மகளும், கடக்கரைப் பிள்ளைகளும்தான். அதுகளுக்குக் கையில காசு வரும்போதுதான் பீஸ் வரும். புரட்டாசியில யுனிவர்சிட்டியில இருந்து ஆய்வுக்கு ஆள் வரப்போறாக, அதுக்குள்ள வாத்தியாரம்மாமார் நாலு பேர் வேற எடம் பாத்துப் போயிட்டா பாடப்பிரிவே போயிரும். காலேஜை வெலைக்குக் கேக்குத அந்த வெளியூர்க்காரன் எப்படா கைமாத்துவாகன்னு செக்கைக் கையில வச்சுக்கிட்டு நிக்கான். எல்லாம் தெரியும். உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். கல்யாணப் பொண்ணுக்கு இருக்க வேண்டிய மூஞ்சியா அது?

ஆனா உங்கம்மா சொன்ன அந்த "நாங்க செய்யலியா" இருக்கு பாரு, அதுல பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். வருஷா வருஷம் காலேஜ் விழாவுல மேடையில மைக்கைப் பிடிச்சு, "தாலிச் செயினைத் தவிர மத்ததெல்லாம் அடகு வச்சுக் கல்விக்கண் தொறந்த தாய்மார்"னு பேசுவாக. உங்கம்மா முதல் வரிசையில சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டு உக்காந்திருப்பா. நீ சின்னப் பிள்ளையில இருந்து அதைக் கேட்டுக் கேட்டு வளந்தவ. மீதிப் பாதியை மேடையில யாரும் சொல்ல மாட்டாக. அது ஏமாந்த புருஷமார் கதை. நான்தான் சொல்லணும்.

நீ பொறக்குததுக்கு முன்னால நம்ம ஊர்ப் பக்கத்துல பொம்பளைப் பிள்ளைக பன்னெண்டாவது முடிச்சா அதோட சரி. தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ அனுப்பணும்னா பஸ்ஸுல போய் வரணும், இல்ல ஹாஸ்டல்ல விடணும். எவன் விடுவான்? நானும் விட்டிருக்க மாட்டேன், உள்ளதைச் சொல்லுதேன். அந்த நேரத்துலதான் நாசரேத்துல இருந்து ஞானம் டீச்சர் வந்தாக. ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர்டு ஆனவுக. வெள்ளைச் சேலை, மெலிஞ்ச குரல், ஆனா பிடிச்சா பிடிதான். இங்கனயே ஒரு காலேஜ் ஆரம்பிப்போம்னு வீடு வீடா ஏறி எறங்கினாக. ஆம்பிளையள்கிட்டப் பேசுனா, "பாப்போம் டீச்சர்"னு மோர் குடுத்து அனுப்பிச்சிருவோம். அவுக பொறவாசல் வழியா அடுப்படிக்குப் போய்ப் பேசியிருக்காக. அது எங்களுக்குத் தெரியாது.

எடம் வேணும்னு கேட்டாக. நம்ம பழைய கருப்பட்டி குடோன் சும்மா கெடந்தது, குடுத்தேன். தர்மத்துக்கு இல்ல, வாடகைக்கு. மாசம் பொறந்தா போய் நிப்பேன். எத்தனை தடவை கழுவினாலும் அந்தத் தரையில கருப்பட்டி வாசம் போகாது, எறும்பு சாரை சாரையா வரும். பிள்ளைக தூக்குச்சட்டியைத் தண்ணித் தாம்பாளத்துக்குள்ள வச்சிட்டுத்தான் பாடம் கேக்கும். இங்கிலீஷ் வகுப்பு நடக்கும்போதே ஒருத்தி துள்ளி எந்திரிப்பா, பாவாடைக்குள்ள கட்டெறும்பு.

எடம் ஆச்சு, பிள்ளைகளும் கொஞ்சம் சேந்தாச்சு, யுனிவர்சிட்டியில ஒரு முட்டுக்கட்டை. ஒரு பெரிய தொகையை பேங்க்ல வைப்பாப் போட்டு, தொட மாட்டோம்னு எழுதிக் குடுத்தாத்தான் அங்கீகாரம்னுட்டாக. அந்தத் தொகைக்கு எங்க போறது? டீச்சர் வியாபாரிகள் சங்கத்துல வந்து கேட்டாக. அப்பம் சங்கத் தலைவரு நம்ம மண்டி அண்ணாச்சி. அவரு சிரிச்சுக்கிட்டே, "டீச்சர், பொட்டப்பிள்ளைக்கு பி.ஏ. எதுக்கு? கருப்பட்டிக்கு வெலை போடவா?"ன்னாரு. நாங்க எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். டீச்சர் குடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாக. பத்துப் பதினஞ்சு நாள்ல வைப்புத்தொகை கட்டியாச்சுன்னு சேதி வந்தது. யாரோ ஃபாரின்ல இருந்து பணம் அனுப்பிச்சிருக்கான்னு நாங்களா நெனைச்சுக்கிட்டோம்.

அனுப்பினது ஃபாரின்காரன் இல்ல, எங்க வீட்டுப் பொம்பளையள்தான். உங்கம்மா, மண்டி அண்ணாச்சி வீட்டம்மா, ஞானம் டீச்சர், ஆலந்தலையில இருந்து வந்து கருவாடு ஏவாரம் பண்ணுத மரிய செல்வம், இன்னும் நம்ம கடைத்தெருப் பொம்பளையள். ஆளுக்கு ஒரு கழுத்துச் செயினைக் கழட்டி பேங்க்ல வச்சிட்டாக. வெறுங்கழுத்தோட வீட்டுக்குப் போக முடியுமா? தூத்துக்குடிக்குப் போய் கவரிங் வாங்குறதுன்னு முடிவு. உங்கம்மாதான் ஏவாரம் பேசுனது. கடைக்காரன், "ஒண்ணா வாங்கினா இந்த வெலை, ஒரே டிசைன்ல டஜனா எடுத்தா அந்த வெலை"ன்னு சொல்லியிருக்கான். போதுமே! வியாபாரி பொண்டாட்டி டஜன் விலையை விட்டுட்டு வருவாளா? ஒரே டிசைன், ஒரே நீளம், ஒரே லட்சுமி டாலர், ஒரு டஜன். இதுல டீச்சரும் மரிய செல்வமும் வேதக்காரங்களாச்சே, சர்ச்சுக்குப் போறவுகளாச்சேன்னு அந்த நேரத்துல ஒருத்திக்கும் ஞாபகம் வரல. குறைஞ்ச வெலைக்குக் கிடைச்ச சந்தோஷத்துல கண்ணு மறைச்சிருச்சு. மரிய செல்வம் டாலரைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, "எம்புருசன் கடலைப் பாக்குத மனுசன், கழுத்தையா பாக்கப் போறாரு"ன்னு சொன்னாளாம்.

நான் பாத்தேன். அதைத்தான் இன்னைக்கும் மறக்க முடியல. ஒரு நாள் சோறு போடும்போது பாத்துட்டு, "என்ன, செயின் இம்புட்டு மின்னுது? பாலிஷ் போட்டியா?"ன்னு கேட்டேன். "ஆமா, புளி போட்டு விளக்கினேன்"னா. கொண்டையை அவுத்து முடிஞ்சா. அது என்னத்துக்குன்னு அப்பம் எனக்குத் தெரியாதே. "இப்பம்தான் லட்சணமா இருக்கு"ன்னு வேற சொன்னேன். கூமுட்டை.

மண்டி அண்ணாச்சி மக கல்யாணம் வந்தது. அப்பம்தான் ஊருக்குப் புதுசா வீடியோ வந்திருந்த நேரம். லைட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன், கேமராவைத் தோள்ல வச்சுக்கிட்டு ஒருத்தன். அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி வீட்டுல கேசட் போட்டுப் பாக்கோம். டிவிக்கு முன்னால நாங்க ஆம்பிளையள் ஜமக்காளத்துல உக்காந்திருக்கோம், கையில காராச்சேவு. வீடியோக்காரன் முதல் வரிசையில இருந்த பொம்பளையள் மூஞ்சியை ஒவ்வொண்ணாக் காட்டிக்கிட்டே வாரான். அண்ணாச்சி வீட்டம்மா, கழுத்துல லட்சுமி. அடுத்து உங்கம்மா, கழுத்துல லட்சுமி. அடுத்தவ கழுத்துல லட்சுமி. அண்ணாச்சி காராச்சேவை வாயிக்குக் கொண்டு போனவரு அப்படியே நிறுத்திட்டாரு. அடுத்தது மரிய செல்வம். ஃபேன் காத்துல டாலர் புரண்டு, லைட் வெளிச்சத்துல லட்சுமி பளிச்சுன்னு சிரிக்கா.

"ஏலே, நிறுத்துடே"ன்னாரு அண்ணாச்சி. "பின்னால ஓட்டு." ஓட்டினான். திரும்பவும் வரிசையா வந்தது. "இன்னொரு தடவை." மூணாவது தடவையும் ஓட்டினான். பின்னால இருந்து ஒருத்தன், "மரிய செல்வம் எப்பம் கோயிலுக்கு மாறுனா?"ன்னு மெதுவாக் கேட்டான். அண்ணாச்சி உள்ள பாத்துக் கத்தினாரு: "ஏளா, இங்கன வா!" அந்தம்மா ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டு வந்து நின்னா. டிவியைப் பாத்தா, எங்களைப் பாத்தா. "என்ன, இப்பம்தான் கண்ணு தெரிஞ்சுதா?"ன்னுட்டு உள்ள போயிட்டா.

அடுத்த நாள் காலையில நாங்க அத்தனை பேரும் வெள்ளை வேட்டியோட டீச்சர் முன்னால போய் நின்னோம். நகையைத் திருப்பிக் குடுங்கன்னு அண்ணாச்சி சத்தம் போட்டாரு. டீச்சர் எங்களுக்கு மோர் குடுத்தாக, அதே மோர்! பொறவு சொன்னாக: "அண்ணாச்சி, பணம் வைப்புல இருக்கு. எடுக்க முடியாது. காலேஜ் நடந்தா அதுல வரவு வரும், ஒவ்வொரு செயினாத் திரும்பும். காலேஜ் மூடினா செயினும் இல்ல, காலேஜும் இல்ல. நீங்க பெரியவங்க, யோசிச்சு சொல்லுங்க." நாங்க யோசிச்சோம். யோசிக்க அங்கன என்ன இருந்தது? வழி ஒண்ணுதான்.

அன்னையில இருந்து பாக்கணும் மண்டி அண்ணாச்சியை. பொட்டப்பிள்ளைக்கு பி.ஏ. எதுக்குன்னவரு, உடன்குடியில இருந்து கடக்கரை வரைக்கும் ஸ்கூட்டர்ல சுத்துதாரு. "பிள்ளையைக் காலேஜுல சேருங்க வே! என் பொண்டாட்டி செயின் அங்கன கெடக்கு"ன்னு வாசல்ல நின்னு கத்துவாரு. மூட்டைக்கு இம்புட்டு மகமைன்னு சங்கத்துல தீர்மானம் போட்டு, ஒவ்வொரு கடையிலயும் காலேஜுக்குன்னு தனியா எடுத்து வச்சோம். நான் குடோன் வாடகை கேக்குறதை விட்டேன். மரிய செல்வம் புருசன் முதல்ல ஒரு வாரம் கடலுக்குப் போகாம மொறைச்சுக்கிட்டு இருந்தாரு. பொறவு ஆலந்தலையில இருந்து பிள்ளைகளை அவரே வேன் பிடிச்சு ஏத்திக்கிட்டு வந்து எறக்குனாரு. தைரியத்துல நடந்த காலேஜ் இல்லம்மா அது. நகை போயிருமோங்கிற பயத்துல ஊரு சேந்து தாங்கின காலேஜ். ரகசியம் ரகசியமாவே இருந்திருந்தா ரெண்டே வருஷத்துல மூடியிருப்பாக, அந்தப் பொம்பளையளும் ஆயுசுக்கும் கவரிங்கைப் போட்டுக்கிட்டு பயந்து பயந்து செத்திருப்பாக. மாட்டிக்கிட்டதாலதான் பொழைச்சாக. மேடையில இதைச் சொல்லுதாகளா?

இப்பம் நம்ம வீட்டுக் கதைக்கு வாரேன். ஊரு சேந்துக்கிட்டாலும் நான் உங்கம்மாகிட்டப் பேசல. வீட்டுல சாப்பிடல. புரோட்டாக் கடையிலயே சாப்பாடு. நகை போச்சேன்னு இல்ல, சத்தியமா இல்ல. அந்தச் செயின் மின்னுதுன்னு நான் சொன்னேன்லா, அப்பம் அவ மனசுக்குள்ள என்ன நெனைச்சிருப்பா? அதுதான் என்னை அரிச்சுது. ஒரு நாள் அவளே கடைக்கு வந்தா. அந்தக் காலத்துல பொம்பளையள் கடைக்குள்ள வர மாட்டாக. வந்து, இந்தா இப்பம் நான் உக்காந்திருக்கேனே, இதுக்கு நேர் எதுக்க சீனி மூட்டை மேல உக்காந்தா. "சொல்லியிருந்தா சம்மதிச்சிருப்பியளா?"ன்னு கேட்டா. நான் பொய் சொல்ல நெனைச்சேன், வரல. "மாட்டேன்"னேன். "அதான் சொல்லல"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ராத்திரி நான் வீட்டுல சாப்பிட்டேன். ஆனா அந்தக் கேள்விக்கு நான் குடுத்த பதில் சரியில்லன்னு அன்னையில இருந்து ஒரு உறுத்தல்.

இந்த வயசுல எனக்குப் பதில் தெரியும். சம்மதிச்சிருக்க மாட்டேன், சரிதான். சண்டை போட்டிருப்பேன். தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். அவ விட்டிருக்க மாட்டா, அவளை எனக்குத் தெரியாதா? கடைசியில தோத்திருப்பேன். தோத்துட்டு, நானே அவளைக் கூட்டிக்கிட்டு பேங்க்குக்குப் போயிருப்பேன். அந்தத் தோல்வியை எனக்குத் தராமலே விட்டுட்டா உங்கம்மா. புருஷன்காரனுக்கு அது பெரிய நஷ்டம்மா.

செயின் எல்லாம் ஒவ்வொண்ணாத் திரும்புச்சு. மத்தவுகளுக்கெல்லாம் குடுங்கன்னு சொல்லி உங்கம்மாது கடைசியா வந்தது. நீ அப்பம் இடுப்புல இருக்கே. திரும்பின அன்னைக்கு அவ கழுத்துல தொங்கிக்கிட்டு அந்தச் செயினைக் கடிச்சு எச்சில் பண்ணினே. இப்பம் உன் கல்யாண ஆரத்துல இருக்குறது அந்தத் தங்கம்தான், அதை உருக்கித்தான் செஞ்சோம். திரும்பவும் அதே பேங்க்குக்கு அது போகுதுன்னா, போகட்டும். அதுக்கு வழி தெரியும். அதுக்காக நான் பயப்படல.

எனக்குப் பயம் உன் மாமியாரை நெனைச்சு. நிச்சயத்தன்னைக்குப் பாத்தேன்லா? உன் ஆரத்தைப் பாக்குத சாக்குல உள்ளங்கையில வச்சு லேசாத் தூக்கிப் பாத்தாக. ஸ்ரீவைகுண்டத்துல நெல் ஏவாரம் பண்ணுத குடும்பம், தூக்கினா எடை தெரியும். கவரிங்கைப் போட்டுக்கிட்டு அந்த வீட்டுல நீ எத்தனை நாள் தாக்குப் பிடிப்பே? ஒரு விசேஷத்துக்குக் கெளம்பும்போது, "இங்க குடும்மா, கொக்கியை மாட்டி விடுதேன்"னு கையை நீட்டுனா முடிஞ்சுது. உங்கம்மாவுக்குத் துணைக்குப் பதினோரு பொம்பளை இருந்தாக, எல்லாரும் ஒண்ணா மாட்டினாக, ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு. நீ ஒத்தையில மாட்டுவே. அங்கன சிரிக்க யாரு இருக்கா? அப்பன் வீட்டுல கவரிங் போட்டு அனுப்பிச்சிட்டான்னு சொல்லுவாக. காலேஜுக்காகன்னு நீ சொன்னா நம்புவாகளா? என் பேரு போகட்டும், அந்த மாப்பிள்ளைப் பையன் உன்னை அடுத்த தடவை நம்புவானா?

பையன் நல்லவனாத்தான் தெரியுது. துறைமுகத்துல கிளியரிங் ஆபீஸ்ல நாள் முழுக்க அடுத்தவன் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குத வேலை. தன் வீட்டுப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா? அதனால சொல்லுதேன்: அவன்கிட்டச் சொல்லிரு. தாலி ஏறுததுக்கு முன்னால சொல்லு. அவன் சம்மதத்தைக் கேக்கச் சொல்லல, தெரிஞ்சுக்கோ. நகை உன்னோடது. அதைச் செஞ்ச அப்பன் சொல்லுதேன், அதுல அவனுக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல. அடகு வைக்கப்போறேன், இதுக்காக வைக்கப்போறேன்னு சொல்லு, அவ்வளவுதான். அவன் சண்டை போடட்டும். தோக்க அவனுக்கு ஒரு வழி விடு.

தோக்காம, வேண்டாம்னு எந்திரிச்சுப் போயிட்டா? அதையும் யோசிக்காமலா இருப்பேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, பத்திரிகை வச்சாச்சு, சமையல்காரர் எலை எண்ணிக்கை கேட்டுப் போன் போட்டுக்கிட்டே இருக்காரு. உனக்கு எத்தனையோ எடம் தள்ளிப்போய் இப்பம்தான் இது தகைஞ்சிருக்கு. ஆவணி முகூர்த்தம் நின்னு போனா நான் எப்படித் தெருவுல நடப்பேன்? தைரியசாலி மாதிரி உனக்கு எழுத எனக்கு வராது. ஆனாலும் எம்மா, தாலிக்கு முன்னால அவன் எந்திரிச்சுப் போனா ஒரு நாள் அழுவோம், நானும் உன் கூட அழுவேன். பொறவு எந்திரிச்சுப் போனா நீ மட்டும் அந்த வீட்டுல உக்காந்து அழணும். அதை என்னால பாக்க முடியாது.

இன்னொண்ணு. உன் நகை மட்டும் போகுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். இது காலேஜ் செயலாளர் தலையில மட்டும் விழ வேண்டிய பாரமா? அங்கன படிச்சு வேலைக்குப் போன பிள்ளைக எத்தனை பேர்! நம்ம கடைக்கே ஜி.எஸ்.டி. கட்டிக் குடுக்குதே அந்தப் பிள்ளை, அவ அந்தக் கருப்பட்டி குடோன்ல படிச்சவ மகதான். ஒருத்திகிட்டயும் நீ வாயைத் தொறந்து கேக்கல. கௌரவம். உங்கம்மாகிட்ட இருந்து வந்த வியாதி.

அதனால நான் ஒரு வேலை பண்ணிட்டேன். நேத்து சரக்கு எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு தூத்துக்குடிக்குப் போனேன்லா? சரக்கு எடுக்கல. அந்தக் கவரிங் கடைக்குப் போனேன். பழைய ஆள் இல்ல, மகன் இருக்கான். "ஒண்ணா வாங்கினா ஒரு வெலை, டஜனா எடுத்தா ஒரு வெலை அண்ணாச்சி"ன்னான், அப்பன் சொன்ன அதே வார்த்தை. டஜனாத்தான் எடுத்தேன். நம்ம குணம் எங்க போகும்? திரும்பும்போது ஆலந்தலையில எறங்கி மரிய செல்வத்தைப் பாத்தேன். கண்ணு சரியாத் தெரியல, ஆனா வாய் அப்படியே இருக்கு. விஷயத்தைச் சொல்லி ஒரு சங்கிலியை நீட்டினேன். தடவிப் பாத்துட்டு, "இந்தத் தடவையாவது டாலர் இல்லாம வாங்குனியளே அண்ணாச்சி"ன்னா. மகனைக் கூப்பிட்டு, அவன் முன்னாலயே, கழுத்துல கெடந்ததைக் கழட்டி என் கையில தந்தா. "கல்யாணத்துக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தான் வருவேன், கேக்குதவுககிட்ட எல்லாம் கவரிங்னு சொல்லுவேன்"னா. மிச்சச் சங்கிலி கல்லா டிராயர்ல கெடக்கு. ஞாயித்துக்கிழமை சங்கத்துல எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன், புருஷன் பொண்டாட்டி ஜோடியா. மண்டி அண்ணாச்சி மகன்கிட்டயும் சொல்லியாச்சு. எத்தனை பேர் கழட்டுவாக, எத்தனை பேர் மோர் குடிச்சிட்டுப் போவாகன்னு தெரியல.

டிராயர்ல இருக்குற கணக்குல ரெண்டு குறையும். ஒண்ணு மரிய செல்வத்துக்கிட்ட இருக்கு. இன்னொண்ணு என் கழுத்துல. உன் தாத்தா போட்ட மைனர் செயின், நான் குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டேன்லா, அது நேத்து சாயங்காலமே பேங்க்குக்குப் போயிருச்சு. ரசீது உன் மேஜையில வச்சிருக்கேன். ராத்திரி சாப்பிடும்போது உங்கம்மா எதுக்கதான் உக்காந்திருந்தா. ரசம் ஊத்தினா, என் மூஞ்சியைப் பாத்தா, கழுத்தையும் பாத்தா. "என்ன, செயின் பளபளன்னு இருக்கு?"ன்னு கேட்டா.

ஒரு நிமிஷம் எனக்குப் பழைய கணக்கைத் தீக்கணும்னு ஆசை வந்தது, உள்ளதைச் சொல்லுதேன். புளி போட்டு விளக்கினேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்திருச்சு. முழுங்கிட்டு, சோத்தைப் பெசைஞ்சேன். இந்த நிமிஷம் வரைக்கும் முழுங்கிக்கிட்டேதான் இருக்கேன். ஒரு ராத்திரிக்கே இம்புட்டு கனக்கு, எம்மா. அவ எப்படித்தான் அத்தனை நாள் சுமந்தாளோ.

கடையைச் சாத்தப் போறேன். வீட்டுக்குப் போய் நான் அவகிட்டச் சொல்லிருதேன். நீ அவன்கிட்டச் சொல்லு.

அப்பா